இந்தச் சீட்டு இந்த வண்டிக்குச் செல்லுமா?

ரயில்வே புக்கிங் கவுண்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கட்டணம் எவ்வளவு என்று கேட்டதைவிட, "ஏம்மா, இந்தச் சீட்டு அந்த வண்டிக்குச் செல்லுமா?" என்று கேட்டதுதான் அதிகம். ரயிலைப் பற்றித் தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி இது என்று நினைக்க வேண்டாம். வக்கீல்களும் பேராசிரியர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒரே ஊருக்கு இரண்டு வழி, ஒரே வழியில் இரண்டு முதலாளி என்று வந்துவிட்டால், எல்லோருக்கும் எழுகிற முதல் சந்தேகம் இதுதான்.

திருச்சி ஜங்ஷனில் இந்தச் சந்தேகத்துக்கு நல்ல காரணம் உண்டு. இங்கிருந்து சென்னைக்கு இரண்டு ரயில் பாதைகள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம், கடலூர் என்று காவிரிப் படுகையைச் சுற்றிக்கொண்டு விழுப்புரம் போவது மெயின் லைன். பொன்மலையில் பிரிந்து, காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி, ஸ்ரீரங்கம், லால்குடி, அரியலூர், விருத்தாசலம் வழியாக அதே விழுப்புரத்துக்கு நேராகப் போவது கார்டு லைன். கார்டு லைனில் எழும்பூர் சுமார் 337 கிலோமீட்டர். மெயின் லைனில் ஏறக்குறைய 400. வைகை, பல்லவன், மலைக்கோட்டை எல்லாம் கார்டு லைன் வண்டிகள். சோழன் மெயின் லைன் வண்டி. விழுப்புரத்துக்கு வடக்கே இரண்டு பாதை வண்டிகளும் ஒரே தண்டவாளத்தில் முன்னும் பின்னுமாக ஓடும்.

முன்பதிவு இல்லாத சீட்டை எடுத்துப் பாருங்கள். எந்த வழி என்று அதில் அச்சிட்டிருக்கும். நம் ரயில்வேயில் கட்டணம் தூரத்தை வைத்து, தூரம் வழியை வைத்து. அதனால்தான் அந்தச் சின்ன எழுத்து. அதற்கு மேல், சாதாரண எக்ஸ்பிரஸ் சீட்டு வைத்திருப்பவர் சூப்பர்ஃபாஸ்ட் வண்டியில் ஏறினால் இரண்டாம் வகுப்புக்கு 15 ரூபாய் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். இவ்வளவுதான் சிக்கல். வழி மாறலாம், வண்டியின் தரம் மாறலாம், ஆனால் வண்டி யாருடையது என்ற கேள்வி எழாது. எல்லாம் தெற்கு ரயில்வே.

அந்தக் கேள்வி எழுந்த காலம் ஒன்று இதே ஊரில் இருந்தது.

திருச்சிக்கு முதலில் ரயில் வந்தது சென்னையிலிருந்து அல்ல, நாகப்பட்டினத்திலிருந்து. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற லண்டன் கம்பெனி, துறைமுகத்தில் தொடங்கி தஞ்சாவூர் வழியாக 1862இல் அகலப்பாதையைத் திருச்சிக்குக் கொண்டுவந்தது. பிறகு கரூர் வழியாக 1868இல் ஈரோட்டைத் தொட்டது. ஈரோட்டில் அதற்கு முன்பே வேறொரு கம்பெனி உட்கார்ந்திருந்தது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை பாதை போட்டிருந்த மெட்ராஸ் ரயில்வே. ஆக, அந்தக் காலத் திருச்சிக்காரர் சென்னைக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் மேற்கே ஈரோடு போய், அங்கே வேறு கம்பெனி வண்டியைப் பிடித்து, மறுபடி கிழக்கே வர வேண்டும். படத்தில் விரலை வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சுற்று எவ்வளவு பெரியது என்று புரியும்.

1874இல் கிரேட் சதர்ன் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வே என்ற இன்னொன்றும் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. பழைய ஆட்கள் வாயில் எஸ்.ஐ.ஆர். தலைமையிடம் திருச்சி. புதுக் கம்பெனி செய்த பெரிய வேலைகளில் ஒன்று, இருந்த அகலப்பாதையைப் பெயர்த்து மீட்டர்கேஜ் ஆக்கியது. செலவு குறைவு என்பது காரணம். 1880 வாக்கில் சென்னையிலிருந்து கடலூர், மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) வழியாகத் தஞ்சாவூர் வரை மெயின் லைன் மீட்டர்கேஜில் முடிந்தது. அப்போது திருச்சிக்கும் சென்னைக்கும் இடையில் இரண்டு கம்பெனிகளின் பாதைகள் ஆகிவிட்டன. ஒன்று முழுக்க எஸ்.ஐ.ஆர். இன்னொன்று ஈரோடு வரை எஸ்.ஐ.ஆர்., பிறகு மெட்ராஸ் ரயில்வே. ஈரோட்டில் தண்டவாள அகலமே வேறு வேறு. ஆளானால் இறங்கி ஏறிவிடலாம். சரக்கானால் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும்.

இந்த மாதிரி அகலம் மாறும் ஸ்டேஷனின் பாடு என்னவென்று எனக்கு நேரடியாகவே தெரியும். ஈரோடு பாதை பின்னால் மறுபடி அகலப்பாதை ஆனது, மற்ற பாதைகள் மீட்டர்கேஜாகவே இருந்தன. நான் வேலைக்குச் சேர்ந்தபோது திருச்சி ஜங்ஷன் இரண்டு அகலமும் இருந்த ஸ்டேஷன். கொச்சியிலிருந்து வரும் டீ கார்டன் எக்ஸ்பிரஸ் இங்கே வந்து நின்றுவிடும். அதிலிருந்து இறங்கி நாகூர், வேளாங்கண்ணி போகிறவர்கள் குழந்தையை ஒரு இடுப்பில், டிரங்குப் பெட்டியை ஒரு தோளில் வைத்துக்கொண்டு மீட்டர்கேஜ் பிளாட்பாரத்துக்கு ஓடுவார்கள். அதில்கூட ஒரு நிம்மதி, சீட்டு ஒன்றுதான். ஏறும் இடத்திலேயே நாகூர் வரை எடுத்திருப்பார்கள். வண்டிதான் மாறும்.

கம்பெனிகள் காலத்தில் சொந்தக்காரர்கள் எஸ்.ஐ.ஆரும் மெட்ராஸ் ரயில்வேயும் மட்டுமல்ல. 1879இல் வந்த விழுப்புரம் – பாண்டிச்சேரி பாதை, பிரெஞ்சு எல்லைக்குள் போனது, தனிக் கம்பெனியுடையது. 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குப் போன பாதை தஞ்சாவூர் ஜில்லா போர்டுடையது, அதாவது மக்கள் கட்டிய வரிப் பணத்தில் வந்த சொத்து. 1898இல் வந்த பேரளம் – காரைக்கால் பாதையும் பிரெஞ்சுக்காரர்களுடையது. மூன்றிலும் வண்டி ஓட்டியது எஸ்.ஐ.ஆர். பாதை ஒருவருக்கு, வண்டி இன்னொருவருக்கு, வருமானம் ஒப்பந்தப்படி இருவருக்கும். 1908இல் மெட்ராஸ் ரயில்வே பிரிக்கப்பட்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் வரையான பாதை எஸ்.ஐ.ஆர். கைக்கு வந்தது, ஈரோடு உட்பட. ஆனால் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை சென்ட்ரல் வரை தண்டவாளம் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயுடையது. சென்னைக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையில் மங்களூர் மெயில் அடுத்தவர் தண்டவாளத்தில்தான் ஓடியது.

இதையெல்லாம் பயணி தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததா? இல்லை. அதைத்தான் நான் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். திருச்சியில் சீட்டு எடுத்தவர் இரண்டு மூன்று கம்பெனி தண்டவாளங்களில் ஒரே அட்டைச் சீட்டோடு போனார். கட்டிய பணத்தை யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்தது அவருக்குத் தெரியாத குமாஸ்தாக்கள். இங்கிலாந்தில் 1842இலேயே இதற்கென்று ரயில்வே கிளியரிங் ஹவுஸ் என்ற அலுவலகம் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு கம்பெனியும் விற்ற சீட்டு, ஓட்டிய மைல், அடுத்தவர் வேகனை வைத்திருந்த நாள் எல்லாம் அங்கே வரும், கழித்துக் கூட்டி யார் யாருக்குத் தர வேண்டும் என்று கணக்கு முடிப்பார்கள். இந்தியாவிலும் 1920களில் அதேபோல் ஒரு கணக்கு அலுவலகம் வந்தது. வரிசை எண் போட்ட அந்தக் கெட்டி அட்டைச் சீட்டு இந்தக் கணக்குக்காகவே பிறந்தது போல இருக்கும். முதல் எண்ணும் கடைசி எண்ணும் தெரிந்தால் எத்தனை விற்றது என்று தெரிந்துவிடும். அந்த அட்டைகளில் சிலவற்றைத் திருச்சி ரயில்வே அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

எங்கள் கவுண்ட்டரிலும் அந்தக் கணக்கின் மொழிதான். தெற்கு ரயில்வேக்குள் முடிகிற சீட்டு "லோக்கல்". வேறு ரயில்வேயின் ஊருக்குப் போகிற சீட்டு "ஃபாரின்". பெங்களூரு முதலில் எங்களுக்கு லோக்கல்தான். 2003இல் ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மேற்கு ரயில்வே பிரிந்ததும் ஃபாரின் ஆகிவிட்டது. மைசூரிலிருந்து பெங்களூரு, திருச்சி வழியாக மயிலாடுதுறைப் பக்கம் போகும் வண்டியில் ஏறுகிறவர்களில் ஒருவருக்காவது எந்த இடத்தில் ஒரு ரயில்வே முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியுமா? தெரிய வேண்டாம். எங்கள் கணக்குப் புத்தகத்தில் மட்டும் அது இருந்தால் போதும்.

எஸ்.ஐ.ஆர். 1944இல் அரசு கைக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14 அன்று எஸ்.ஐ.ஆர்., மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, மைசூர் ஸ்டேட் ரயில்வே மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. நம் கதை சேர்த்த கதை. இங்கிலாந்தில் நடந்தது அதற்கு நேர்மாறு.

என் தங்கை மகன் பர்மிங்காமில் வேலை பார்க்கிறான். ஒரு நாள் தன் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, "பெரியம்மா, நீங்க டிக்கெட் கொடுத்தவங்கதானே, இதை வெச்சு அடுத்த வண்டில போலாமா சொல்லுங்க" என்றான். சீட்டில் ஒரு கம்பெனி பெயரைப் போட்டு, அந்த வண்டிக்கு மட்டும் என்று அச்சிட்டிருந்தது. லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் இடையில் மூன்று கம்பெனிகள் ஓடுகின்றன என்று அவன் சொல்லித்தான் விவரமாகப் படிக்கத் தொடங்கினேன். யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து அவாந்தி வெஸ்ட் கோஸ்ட் வேகமாகப் போகிறது. அதே யூஸ்டனிலிருந்து, அதே பாதையில், லண்டன் நார்த்வெஸ்டர்ன் வண்டிகள் நிறைய ஊர்களில் நின்று போகின்றன, கட்டணம் குறைவு. மேரிலபோன் ஸ்டேஷனிலிருந்து வேறு பாதையில் சில்டர்ன் ரயில்வேஸ் போகிறது, அது பர்மிங்காமில் நின்று இறக்குவதும் வேறு ஸ்டேஷனில். எங்கள் கார்டு லைன், மெயின் லைன் போலத்தான். ஆனால் வழிக்கு மேல் முதலாளியும் வேறு.

1993இல் வந்த ரயில்வே சட்டம் பிரிட்டிஷ் ரயிலைப் பிரித்தது. தண்டவாளம் ஒருவருக்கு, வண்டி ஓட்டும் உரிமை பல கம்பெனிகளுக்கு, பெட்டிகளை வாடகைக்கு விடுவது வேறு சிலருக்கு. ஆனால் பாராளுமன்றம் ஒன்றை விட்டுவிடவில்லை. எந்தக் கம்பெனி வண்டியிலும் போகக்கூடிய பொதுச் சீட்டு இருக்கத்தான் வேண்டும் என்று வைத்தார்கள். கம்பெனிக்கென்றே உள்ள மலிவுச் சீட்டு தனி. பொதுச் சீட்டில் வந்த பணத்தை எப்படிப் பிரிப்பது? ஒவ்வொரு பயணி எந்த வண்டியில் ஏறினார் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆர்கேட்ஸ் என்ற கணினி முறை கால அட்டவணையைப் பார்த்து, எந்த நேரத்துக்கு எந்த வண்டியை மக்கள் விரும்பியிருப்பார்கள் என்று கணித்து, அந்த விகிதத்தில் பணத்தைப் பிரிக்கும்.

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. பணம் அட்டவணையைப் பார்த்துப் பிரிகிறது என்றால், அட்டவணையில் ஒரு வண்டியைச் சேர்த்தாலே பணம் வரும். அடுத்த கம்பெனிக்கு நல்ல கூட்டம் இருக்கும் வழியில், அதன் வண்டிக்குச் சற்று முன்னால் ஒரு வண்டியைச் சொருகிவிட்டால், பொதுச் சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு தன் பக்கம் திரும்பும். அந்த ஊருக்குப் புது வண்டி தேவையா என்பது இரண்டாம் பட்சம். இப்படிச் செய்வதாக அங்கே கம்பெனிகள் மேல் வெகு காலம் புகார் இருந்தது. இன்னொரு பக்கம், போட்டியால் நன்மையும் நடந்தது. லண்டன் – எடின்பரோ பாதையில் 2021 அக்டோபரில் லூமோ என்ற கம்பெனி குறைந்த கட்டணத்தில் வண்டி விட்டபோது, விமானத்தில் போன சிலராவது ரயிலுக்கு வர ஒரு காரணம் கிடைத்தது. இப்போது பிரிட்டனும் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2024 நவம்பரில் சட்டம் போட்டு, ஒப்பந்தம் முடிய முடிய கம்பெனிகளை அரசு எடுத்துக்கொள்கிறது. முதலாவதாக 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே அரசு கைக்கு வந்தது.

தங்கை மகனுக்கு நான் சொன்ன பதில்: "கம்பெனி பேர் போட்டிருந்தா அந்தக் கம்பெனி வண்டிலயே போப்பா. பொதுச் சீட்டுன்னா அடுத்த வண்டில ஏறு."

இனி நம் ஊர். பிரிட்டன் ரயிலில் நடந்தது திருச்சியில் இன்றும் தினமும் நடக்கிறது, தண்டவாளத்தில் அல்ல, தார் ரோட்டில். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே காலையில் பத்து நிமிஷம் நின்றால் புரிந்துவிடும். ஒன்றாம் நம்பர் டவுன் பஸ் இந்த ஊரின் உயிர்நாடி. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், சத்திரம், மெயின்கார்டு கேட், பாலக்கரை, ஜங்ஷன், சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட். இதே வழியில் அரசுப் பேருந்தும் ஓடுகிறது, தனியார் பேருந்தும் ஓடுகிறது. இரண்டிலும் நெற்றியில் அதே எண். லால்குடி, துறையூர்ப் பக்கம் போகிற வெளியூர் வண்டிகளும் பாலம் வரை இதே ரோடுதான். எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலிருந்து ஜங்ஷனுக்கு ரயில் வேறு.

போன மாதம் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வண்டி வந்து நின்றது. "சத்திரம், மெயின்கார்டு கேட்டு, ஜங்ஷன்! ஏறும்மா, ஏறு ஏறு, உள்ள சீட் இருக்கு" என்றார் கண்டக்டர். நான் கால் வைக்கப் போனேன். பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற பெண் கையைப் பிடித்தார்.

"அக்கா, அது பிரைவேட்டு. பின்னால கவர்மெண்ட் வண்டி வருது, இருங்க."

அவருக்குத் தெரியும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இப்போது விடியல் பயணம் என்று பெயர். தனியார் பஸ்ஸில் அது செல்லாது. பள்ளிப் பிள்ளைகளின் இலவச பாஸும் அரசுப் பேருந்துக்குத்தான். ஆக ஒரே எண், ஒரே வழி, ஒரே நிறுத்தம். ஆனால் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஒரு வண்டி சும்மா, இன்னொரு வண்டிக்குக் காசு. பூக்காரப் பெண்ணுக்கு டிக்கெட் காசு தினம் இரண்டு வேளை மிச்சமாவது சின்ன விஷயம் அல்ல. நான் இந்தத் திட்டத்தை முழு மனசோடு ஆதரிக்கிறேன். வேலைக்குப் போகிற, கோயிலுக்குப் போகிற, மகள் வீட்டுக்குப் போகிற பெண்கள் பஸ்ஸில் கூடியிருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். என் வருத்தம் வேறு. அவர் அந்தக் காலியான வண்டியை விட்டுவிட்டு வெயிலில் நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இப்படி இரண்டு பேர் ஒரே ரோட்டுக்கு எப்படி வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1972 வரை தமிழ்நாட்டில் ஊர்களுக்கிடையே ஓடிய பேருந்துகளில் மிகுதியும் தனியாருடையவை. அந்த வருஷம் அரசு பெரிய முதலாளிகளின் பேருந்துகளை எடுத்துக்கொண்டு போக்குவரத்துக் கழகங்களைத் தொடங்கியது. மதுரையில் டி.வி.எஸ். பேருந்துகள் பாண்டியன் ஆயின, கும்பகோணத்தில் சோழன் வந்தது. பிறகு திருச்சிக்குத் தீரன் சின்னமலை. 1997இல் தலைவர்கள், மன்னர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டுத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயர் வைத்தார்கள். திருச்சி இப்போது கும்பகோணம் கழகத்தின் கீழ் இருக்கிறது. பெரிய முதலாளிகள் போனார்கள், சின்ன முதலாளிகள் பர்மிட்டோடு நின்றார்கள்.

அவர்கள் நிற்கலாமா என்று நீதிமன்றங்களில் நடந்த வாதம் கொஞ்சநஞ்சம் அல்ல. ஒரு வழித்தடத்தை அரசுக்கென்று அறிவித்துவிட்டால், அதன் சில கிலோமீட்டரில் மட்டும் தனியார் வண்டி ஓடலாமா? 1985இல் ஆதர்ஷ் டிராவல்ஸ் என்ற உத்தரப் பிரதேச வழக்கில், அந்தத் திட்டமே இடம் கொடுத்தாலொழிய ஒரு துண்டில்கூட ஓடக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. தமிழ்நாட்டில் இருந்த பர்மிட்டுகளைக் காப்பாற்ற 1992இல் தனிச் சட்டம் வந்தது. இப்போது மினி பஸ்ஸுக்கும் இதே கேள்விதான் அடிப்படை. 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில் ஒரு வழித்தடம் 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதில் குறைந்தது 65 சதவீதம் இதுவரை பஸ்ஸே போகாத ரோடாக இருக்க வேண்டும். மீதியில் மட்டும் மற்ற பஸ்ஸோடு சேர்ந்து ஓடலாம். பஸ் பார்க்காத ஊருக்கு வண்டி போகட்டும், கூட்டம் உள்ள ரோட்டில் மட்டும் சுற்ற வேண்டாம் என்பது நோக்கம். நல்ல நோக்கம்.

கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால் தனியார் வண்டி விலையைக் குறைத்து ஆள் பிடிக்க முடியாது. பிறகு எதை வைத்துப் போட்டி? நேரத்தை வைத்துத்தான். முன்னால் போகிற வண்டிக்கு நிறுத்தத்தில் சேர்ந்திருக்கும் கூட்டம், பின்னால் வருகிற வண்டிக்கு மிச்சம். இரண்டு வண்டிக்கு நடுவில் மூன்று நிமிஷம் என்று எழுதியிருந்தால் அந்த மூன்று நிமிஷம்தான் ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும் அன்றைய கலெக்‌ஷன். சத்திரத்தில் டைம் கீப்பரோடு சண்டை, மாம்பழச்சாலை வளைவில் முந்தல், பாட்டி இறங்கி முடிப்பதற்குள் விசில், எல்லாம் இதிலிருந்து வருகிறவை. ஆர்கேட்ஸ் கணக்குக்காக முன்னால் ஒரு ரயிலைச் சொருகிய கம்பெனியின் புத்தியும் இதுவும் ஒன்றே. ஆட்களைத் திட்டுவதில் பயனில்லை. பணம் எப்படிப் பிரிகிறதோ அப்படித்தான் வண்டி ஓடும்.

இரண்டு சேவைகள் ஒன்றின் மேல் ஒன்று ஓடுவதை வீண் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 2022இல் பழுதுபார்ப்பதற்காகக் காவிரிப் பாலத்தை மூடினார்கள். அடுத்த வருஷம் மார்ச் வரை பஸ்கள் சென்னை பைபாஸ் பாலம் வழியே சுற்றிப் போயின. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அந்த மாதங்கள் மறக்காது. ரயில் பாலம் அந்த மாதங்களிலும் திறந்தேதான் இருந்தது. ஆனால் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலிருந்து ஜங்ஷனுக்குப் போகிற வண்டி எத்தனை மணிக்கு, இறங்கினால் எந்த பஸ் கிடைக்கும், பஸ் பாஸ் வைத்திருப்பவர் ரயிலில் ஏறலாமா என்று சேர்த்துச் சொல்லும் ஒரு பலகை எங்கும் இல்லை. கார்டு லைன் வருவதற்கு முன்பு, ரங்கநாதரைச் சேவிக்க வந்தவர்கள் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி வண்டி பிடித்துப் பாலம் தாண்டினார்கள். அப்போது ஒரே வழி. இப்போது பல வழிகள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று தெரியாமல்.

சேர்க்க முடியாததல்ல இது. சென்னையில் 2025 செப்டம்பரில் சென்னை ஒன் என்ற செயலி வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூ.ஆர். சீட்டு. மூன்றின் முதலாளியும் வேறு வேறு, புறநகர் ரயில் மத்திய அரசுடையது. பணம் பின்னால் பிரிகிறது, 1842இல் லண்டன் குமாஸ்தாக்கள் பிரித்த மாதிரியே. திருச்சிக்கு இன்னும் கூடுதலாக ஒன்று வேண்டும், தனியார் பஸ். அதற்கும் வழி இருக்கிறது. அரசு பஸ்ஸில் ஏறும் பெண்ணுக்குக் கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டு ஒன்று கிழித்துத் தருகிறார். எத்தனை பேர் என்ற கணக்குக்காகத்தான் அது. அதை வைத்துத்தான் அரசு கஜானாவிலிருந்து கழகத்துக்குப் பணம் போகிறது. அதே சீட்டு இயந்திரத்தைத் தனியார் வண்டியிலும் வைத்து, அதே கணக்கில் பணம் கொடுத்தால் பூக்காரப் பெண் முதலில் வரும் வண்டியில் ஏறிப் போய்விடுவார். முன்னால் போனால்தான் காசு என்ற நிலையும் கொஞ்சம் தளரும். செலவு ஆகும் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவாவது வேண்டும்.

2025இல் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்த பிறகு இந்த வேலை இன்னும் அவசரமாகிவிட்டது. வெளியூர் பஸ்ஸிலிருந்து அங்கே இறங்குகிறவர் ஊருக்குள் வர டவுன் பஸ்ஸைத்தான் நம்ப வேண்டும். மதுரையிலிருந்து ராத்திரி வந்து இறங்கும் குடும்பத்துக்கு எது அரசு வண்டி, எது தனியார் வண்டி, எதில் யாருக்குக் காசு என்ற பாடத்தை யார் நடத்துவது?

நான் மனு ஒன்று எழுதியிருக்கிறேன். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன். சீட்டைச் சேர்ப்பது சட்டசபை வரை போக வேண்டிய விஷயம், நேரப் பலகை அப்படி அல்ல. அதனால் அதை முதலில் கேட்டிருக்கிறேன். ராஜகோபுரம், திருவானைக்காவல், சத்திரம், ஜங்ஷன் நான்கு இடங்களிலும் அரசு பஸ், தனியார் பஸ், ஸ்ரீரங்கம் ரயில் மூன்றின் நேரத்தையும் ஒரே பலகையில் எழுதி வைக்க வேண்டும், எதில் விடியல் பயணம் செல்லும் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். மாதிரிக்கு, ராஜகோபுர நிறுத்தத்தில் காலையில் வந்த வண்டிகளின் நேரத்தை நானே நின்று எழுதி, அரசு வண்டியையும் தனியார் வண்டியையும் ஒரே தாளில் சேர்த்து மனுவோடு இணைத்திருக்கிறேன்.